கொடியோடு ஓடியவன்

எங்கள் பள்ளியில் கெட்ட வார்த்தை பேசினால் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். ஒரே ஒரு வார்த்தைக்கு மட்டும் தண்டனை கிடையாது. ஜஹாங்கீர். அணிவகுப்பில் கால் மாற்றி வைத்தவன் ஜஹாங்கீர். கிரிக்கெட்டில் பந்துக்குப் பயந்து ஒதுங்கியவன் ஜஹாங்கீர். பெல்ட்டைத் தொலைத்துவிட்டு வந்து நிற்பவனை நானே, "வாப்பா ஜஹாங்கீரு, கொடியையும் சேத்துத் தொலைச்சுட்டியா?" என்று கேட்டிருக்கிறேன். மொத்த வகுப்பும் சிரிக்கும். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கும்.

நான் சிவப்பிரகாசம், ஓய்வுபெற்ற சுபேதார். மரக்காணம் உப்பளங்களின் ஓரத்தில் இருக்கும் கழுவெளி ராணுவப் பள்ளியில் டிரில் மாஸ்டர். படித்ததும் அதே பள்ளிதான். என் அப்பா தெய்வசிகாமணியும் அங்கேயே படித்து, பட்டாளத்துக்குப் போய், திரும்பி வந்து இதே வேலையைப் பார்த்தவர். மெடல் குத்திய மார்போடு அவருடைய படம் ஹாலில் மாட்டியிருக்கிறது. அந்தப் படத்துக்குக் கீழே நடக்கும்போதெல்லாம் எனக்கு முதுகு தானாக நிமிரும். திமிர் என்று சொல்பவர்கள் சொல்லட்டும்.

கதை இதுதான். இரண்டாம் உலகப் போரில் எங்கள் பள்ளிப் பையன்கள் பலர் ஒரே பிளாட்டூனில் பர்மாவுக்குப் போனார்கள். பள்ளி அவர்களுக்கு ஒரு பச்சைப் பட்டுக்கொடி கொடுத்தனுப்பியது. நடுவில் வெள்ளைக் கொக்கு, ஒற்றைக்காலில் நிற்கும். போர்க்கொடியில் கொக்கைப் போட எந்த வெள்ளைக்காரனுக்குத் தோன்றியதோ தெரியவில்லை, ஆனால் அதுதான் எங்கள் சின்னம். கொடியைத் தூக்கியவன் கோட்டக்குப்பம் ஜஹாங்கீர். ஓர் ஆற்றங்கரைச் சண்டையில், திரும்பிப் பார்த்தால் கொடியும் இல்லை, அவனும் இல்லை. வரிசை குலைந்தது. பாதிப் பையன்கள் செத்தார்கள், மீதிப் பேர் சிதறினார்கள். குண்டு பட்ட என் அப்பா தனியாகக் காட்டைத் தவழ்ந்தே கடந்து அஸ்ஸாம் எல்லைக்கு வந்து சேர்ந்தார். அதற்குத்தான் மெடல்.

வருஷா வருஷம் பிப்ரவரியில் கொடி நாள். மைதானத்தில் கொடியில்லாத வெறும் கம்பம். மாணவர்கள் கம்பத்தைப் பார்த்து நிற்பார்கள். விருந்தினர் பந்தல் அவர்களுக்குப் பின்னால், கேட்டுப் பக்கம். கம்பத்தடியில் மைக். பிளாட்டூன் ஆட்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்க, "உடன் இருக்கிறார்!" என்று ஐந்நூறு பேர் பதில் சொல்வார்கள். கடைசிப் பெயர் ஜஹாங்கீர். அதற்குப் பதில் கிடையாது. பெயர் காதில் விழுந்ததும் எல்லோரும் சட்டென்று கம்பத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, பூட்ஸ் காலால் தரையை மூன்று தடவை ஓங்கி மிதிப்பார்கள். ஆர்டர் எதுவும் கொடுக்க மாட்டோம். அந்தப் பெயரே ஆர்டர். சேர்ந்த முதல் மாதமே பையன்களுக்கு இதை நான் பழக்கிவிடுவேன்.

அப்பா காலத்தில் பெயர் வாசிப்பது பிரின்சிபால். அப்பா முதல் வரிசை முனையில் நிற்பார். பெயரை வாசித்து முடிக்கும் முன்பே, எல்லோருக்கும் முந்தி அவர் திரும்பிவிடுவார். எவ்வளவு கோபம் இருந்தால் இப்படித் திரும்புவார் என்று நான் வியந்திருக்கிறேன். இப்போது பெயர் வாசிப்பது நான்தான். குரல் வளம்.

இந்த ஜனவரியில் எங்கள் சரித்திர டீச்சர் சந்தியா போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். யாரோ வாட்ஸ்அப்பில் ஒரு படம் போட்டிருந்தார்கள். நைந்துபோன பச்சைத் துணி, நடுவில் எங்கள் கொக்கு. 'இது எந்தப் பள்ளிக்கூடத்துச் சின்னம், தெரிந்தவர்கள் சொல்லவும்' என்று கீழே இஜாஸ் என்ற பெயரும் போன் நம்பரும். ஊர் கோட்டக்குப்பம்.

"மாட்டினான் திருடன்" என்றேன். வாயில் வந்துவிட்டது. சந்தியா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

மறுநாளே இருவரும் ஜீப்பில் கிளம்பினோம். நான் யூனிஃபார்மில் போனேன். திருட்டுச் சொத்தை மீட்கப் போகிறவன் வேட்டியிலா போவான்?

இஜாஸ் நாற்பது வயதுக்காரர், துபாயில் வேலை, லீவில் வந்திருந்தார். வாசலிலேயே நின்று உள்ளே அழைத்துப் போனார். கூடத்தில் தையல் மிஷினுக்குப் பின்னால் அவருடைய தாயார் ஜெயினம்பு. கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மரக்காணம் பள்ளிக்கூடமா? வாங்க, வாங்க. எண்பது வருசமா உங்க கொடி காத்துக்கெடக்குது. இப்பத்தான் ஜீப்பு கெடச்சுதா?"

சந்தியா சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. "யாரும்மா நீங்க?" என்றேன், விசாரணைக் குரலில்.

"நான் ஜஹாங்கீரோட மக."

நான் எத்தனையோ தடவை மைக்கில் வாசித்த பெயரை ஒரு மனுஷி சாதாரணமாக, சாப்பாட்டுக்குக் கூப்பிடுவது போலச் சொன்னதை அன்றுதான் கேட்டேன்.

கொடியை எடுத்து வந்து மேஜைமேல் விரித்தார்கள். அது அத்தனை வருஷமும் இருந்த இடம் அவர்கள் பள்ளிவாசலின் சந்தூக்கு. ஜனாஸாவை அடக்கத்துக்குத் தூக்கிப் போகும் பெட்டி. அதன்மேல் போர்த்தும் பச்சைப் போர்வைக்குள்தான் எங்கள் போர்க்கொடி இருந்திருக்கிறது.

"எங்க பாட்டி மவுத்தானப்ப அத்தாதான் இந்தப் போர்வைய தெச்சுப் பள்ளிவாசலுக்குக் குடுத்தாங்க. உசுருள்ளதோட உருவம் ஜனாஸா மேல வரக்கூடாது பாருங்க, அதுக்காவ கொக்க உள்பக்கம் வெச்சு, மேலயும் கீழயும் வேற துணி குடுத்து மூடிட்டாங்க போல. எங்க யாருக்கும் தெரியாது. போன மாசம் லைனிங் கிழிஞ்சுபோச்சுன்னு எங்கிட்ட குடுத்தாங்க. பிரிச்சா, கொக்கு நிக்குது! அல்லாவே, ஊர்ல இத்தினி மையித்தையும் கொக்குக்குக் கீழயா அனுப்பிவெச்சோம்னு எனக்கு ஒரே சிரிப்பு. பள்ளிவாசல் ஹஜ்ரத்துதான் பதறிட்டாரு."

"கொடி இருந்தது உங்களுக்குத் தெரியாதாம்மா?" என்று சந்தியா கேட்டாள்.

"கொடி ஒண்ணு இருக்குதுன்னு தெரியும். எங்கன்னு தெரியாது. பத்தரமான எடத்துல இருக்குதுன்னுதான் அத்தா சொல்லுவாங்க. பட்டாளத்துலேருந்து வந்ததும் உங்க பள்ளிக்கூடத்துக்கு அதை எடுத்துக்கிட்டுப் போனாங்களாம். அன்னிக்கு அங்க என்னமோ விசேசமாம். கேட்டாண்ட கொஞ்ச நேரம் நின்னுட்டுத் திரும்பி வந்துட்டாங்களாம். ஏன்னு கேட்டா, 'அவங்களே ஒரு நாளு வந்து கேப்பாங்க, அப்ப குடுத்துரணும்'னு அதையேதான் சொல்லுவாங்க."

என்ன விசேஷம் என்று எனக்குத் தெரியும். கேட்டில் நின்றால் மைக் சத்தமும் தெளிவாகக் கேட்கும், பூட்ஸ் சத்தமும் கேட்கும்.

சந்தியா இதற்குள் கொடியின் ஓரங்களைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சார், இங்க பாருங்க" என்றாள். கொடி என்றால் ஒரு பக்கம்தான் கம்பு நுழைக்கும் உறை இருக்கும். இதில் எதிர்ப்பக்கமும் ஓர் உறை இருந்தது. பட்டுநூல் இல்லை, பூட்ஸ் கயிற்றை வைத்து, கோணிப்பை தைப்பது போல எட்டி எட்டித் தைத்திருந்தது. ஒரு முனை நார் நாராகத் தேய்ந்திருந்தது. நடுவில், கொக்கின் கால் இருக்கும் இடத்தில், கறுப்பாக ஒரு பெரிய கறை.

"ரெண்டு கம்பு நுழைச்சிருக்காங்க சார். இது ஸ்ட்ரெச்சர்."

"ஆமாம்மா" என்றார் ஜெயினம்பு. "கூடப் படிச்ச பையனுக்குத் தொடையில குண்டு. நடக்க முடியல. அத்தா அவரைக் கொடியில போட்டு, ரெண்டு கம்பையும் தோள்ல மாட்டி இழுத்துக்கிட்டே காட்டுல வந்தாங்களாம். ஆத்தங்கரையில ஆபீசரு பின்வாங்கச் சொன்னப்புறம் கடைசியா கெளம்புனது இவங்க ரெண்டு பேருதானாம். ஆஸ்பத்திரியில அவரை விட்டுட்டு அத்தா காய்ச்சல்ல விழுந்துட்டாங்க. எந்திரிச்சுப் பாத்தா அவரு ஊருக்குப் போயிருந்தாராம். அத்தா தோள்ல ரெண்டு பக்கமும் இப்படிப் பள்ளம் இருக்கும். சின்னப்புள்ளைல நான் அதுல வெரல வெச்சு வெளயாடுவேன்."

அப்பாவின் தழும்பும் தொடையில்தான், வீட்டில் எங்களுக்கு மட்டும் தெரியும். ஆனாலும் கேட்டேன். வேறு யாராவதாக இருக்கட்டும் என்ற நப்பாசை. "அவர் பேரு என்னங்கம்மா?"

"பேரு சொன்னதில்ல. உப்பளத்துக்காரன்னுதான் சொல்லுவாங்க. ஆனா நல்ல மனுசன். ஒவ்வொரு வருசமும் நோன்புக்கு முன்னாடி பள்ளிவாசலுக்கு ஒரு மூட்ட உப்பு வரும், நோன்புக் கஞ்சிக்கு. யாரு அனுப்பினதுன்னு கொண்டாந்தவன் சொல்ல மாட்டான். சாக்குல ஒரு சங்கு போட்டிருக்கும். உப்பு வந்தா அத்தா மொகத்தப் பாக்கணுமே! 'அவன் மறக்கல'ன்னு சிரிப்பாங்க. அத்தா போனப்புறமும் ரொம்ப வருசம் வந்துச்சு. அப்புறம் நின்னுபோச்சு. மவுத்தாயிட்டாரு போலன்னு நெனச்சு, பேரு தெரியாட்டியும் பரவால்லன்னு நோன்புல அவருக்குத் துவா செஞ்சோம்."

சங்கு எங்கள் குடும்ப உப்பளத்து முத்திரை.

சின்ன வயதில் நானே அந்த மூட்டையோடு மாட்டு வண்டியில் உட்கார்ந்து கோட்டக்குப்பம் வந்திருக்கிறேன். "யாருன்னு கேட்டா சொல்லக் கூடாது" என்பார் அப்பா. ஏதோ வேண்டுதல் என்று நினைத்தேன். அப்பா செத்த வருஷம், பள்ளிவாசலுக்கு நாம் எதற்கு உப்பு கொடுக்க வேண்டும் என்று நிறுத்தியதும் நான்தான். யாரோ பெயர் தெரியாத மனிதர்கள் கஞ்சிப் பாத்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்து என் அப்பாவுக்காகக் கையேந்தியிருக்கிறார்கள். அந்தச் சமயத்தில் நான் இங்கே அந்த வீட்டுக்காரரின் பெயரைச் சொல்லிப் பூட்ஸால் மிதிக்கப் பையன்களைப் பழக்கிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா கொடுத்த டீயைக் குடிக்க எனக்கு மனம் வரவில்லை. யூனிஃபார்ம் உடம்பில் முள்ளாகக் குத்தியது.

அப்பா ஏன் வாயைத் திறக்கவில்லை? மெடல் தாளில் தவழ்ந்து வந்தார் என்று எழுதியாகிவிட்டது. இழுத்து வந்தார்கள் என்று சொன்னால் மெடல் போகும், வேலை போகும். அவர் பொய் சொல்லவில்லை. சொன்னவர்களை மறுக்கவில்லை, அவ்வளவுதான். எல்லோருக்கும் முந்தி அவர் திரும்பிக்கொண்டதற்குக் காரணம் கோபம் என்றா நினைத்தேன்? வெறும் கம்பத்தைப் பார்த்து நிற்க அவருக்கு முகம் இல்லை.

கொடியை மடித்து என் கையில் வைத்துவிட்டு ஜெயினம்பு சொன்னார். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும் தம்பி. உங்க பள்ளிக்கூடத்துல வருசா வருசம் எங்கத்தா பேர மைக்குல கூப்புடுறீங்களாமே? மரக்காணத்துலேருந்து மீன் கொண்டாற அம்மா சொல்லிச்சு. நெசமா?"

"நிஜந்தாம்மா" என்றேன்.

"இந்த வருசம் நான் வந்து கேக்கலாமா?"

சந்தியா தரையைப் பார்த்தாள். வரலாம் என்று நான்தான் சொன்னேன்.

பிரின்சிபால் கர்னல் ராஜ்கமல் கெட்டவர் இல்லை, அரையும் குறையுமான எதுவும் அவருக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். சந்தியா நடந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னாள். ஜஹாங்கீர் ஓடிப்போகவில்லை, ஒருவரைக் காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறார், கொடி நாளன்றே மைக்கில் அதைச் சொல்ல வேண்டும் என்றாள்.

"யாரைக் காப்பாத்தினார்? பேர் இருக்கா?" என்றார் கர்னல்.

சந்தியா என் பக்கம் திரும்பினாள். "உப்பளத்துக்காரர்னு சொன்னாங்களே, உங்களுக்கு யாரையாவது தெரியுமா சார்?"

கண்ணாடிக் கதவு வழியாக ஹாலில் அப்பா படம் தெரிந்தது. "தெரியலைம்மா" என்றேன். அப்பாவின் குரல் அப்படியே என் தொண்டையிலிருந்து வந்தது.

"அப்போ கமிட்டி போட்டு விசாரிப்போம்" என்றார் கர்னல். "இந்த வருஷம் அந்தப் பேரை மட்டும் விட்டுடுங்க, சுபேதார். திட்டவும் வேணாம், புகழவும் வேணாம். கொடியைக் கண்ணாடிப் பெட்டியில வெச்சு, அந்த அம்மாவுக்கு ஒரு சால்வை போடுவோம்."

சரி சார் என்று சல்யூட் அடித்தேன். பெயரே வராது என்பதால் பையன்களிடம் எதையும் சொல்லவில்லை. வாய் திறந்தால் எங்கே போய் முடியுமோ என்ற பயமும் இருந்தது.

கொடி நாளன்று ஜெயினம்பு பட்டுப் புடவை கட்டி, வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வந்தார். பந்தலில் முதல் வரிசையில் அவரும் இஜாஸும். உப்புக் காற்றில் பந்தல் துணி படபடத்தது. கம்பத்தடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கொக்கு நின்றது. பள்ளிவாசலுக்குப் புதுப் பச்சைப் போர்வையைக் கர்னல் கொடுத்தார், சால்வை போட்டார், எல்லோரும் கை தட்டினோம். பிறகு நான் மைக் முன்னால் போனேன்.

பெயர்களை வாசித்தேன். ஒவ்வொன்றுக்கும் ஐந்நூறு குரல் பதில் சொன்னது. ஜெயினம்பு ஒவ்வொரு பெயருக்கும் கொஞ்சம் முன்னால் சாய்வதும், அடுத்ததாக இருக்கும் என்று காத்திருப்பதும் எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. தாளில் கடைசிப் பெயர் வந்தது, முடிந்தது. தாளை மடித்தேன். அந்த அம்மா இன்னும் சாய்ந்தபடியே இருந்தார். தன் காதில்தான் விழவில்லையோ என்பது போல மகனிடம் ஏதோ கேட்டார்.

என்னால் தாங்க முடியவில்லை. என் வாழ்நாளில் மேலதிகாரி சொன்னதை நான் மீறியதே கிடையாது. அன்று மீறினேன். பெயரைச் சொல்லிவிட்டு, உடனே அந்த மூச்சிலேயே, அவர் இழுத்து வந்தது என் அப்பாவை என்று சொல்லிவிட வேண்டும். அப்படித்தான் நினைத்தேன். மைக்கைப் பிடித்து, "கோட்டக்குப்பம் ஜஹாங்கீர்!" என்றேன்.

சட்டென்று ஐந்நூறு முதுகுகள். ஒன்று, இரண்டு, மூன்று என்று பூட்ஸ் கால்கள் தரையை மிதித்தன. துல்லியமாக, ஒரு கால்கூடப் பிந்தாமல். நான் பழக்கியது.

அந்த முதுகுகளுக்கு மேலாகப் பந்தலைப் பார்த்தேன். ஜெயினம்பு எழுந்து நின்றிருந்தார். இத்தனை பிள்ளைகளும் திரும்பித் தன்னைத்தான் பார்க்கிறார்கள், தனக்குத்தான் மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார். கன்னம் நனைந்திருந்தது. வலது கையை நெற்றிக்குக் கொண்டுபோய், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, எல்லோருக்கும் சலாம் வைத்தார்.

மைக் என் கையிலேயே இருந்தது. சொல்ல வேண்டியது நாக்கு நுனி வரை வந்தது. இப்போது சொன்னால் அந்தச் சலாமை என்ன செய்வது என்று ஒரு சாக்கு கிடைத்தது. நல்ல சாக்கு. அதைப் பிடித்துக்கொண்டேன். "அணிவகுப்பு கலையலாம்" என்றேன்.

போகும்போது ஜெயினம்பு என் கையைப் பிடித்துக்கொண்டார். "மத்தவங்களுக்கெல்லாம் வாயாலதான் சொன்னாங்க. எங்கத்தாவுக்கு மட்டும் எல்லாப் புள்ளைங்களும் என் பக்கமே திரும்பிட்டாங்களே! அத்தா பாத்திருக்கணும் தம்பி. அந்த உப்பு மனுசனும் பாத்திருக்கணும்."

"ஆமாங்கம்மா" என்றேன். இஜாஸ் பையன்களின் முகங்களைப் பார்த்தவர். ஜீப்பில் ஏறும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தியா அன்றிலிருந்து எனக்குக் குட்மார்னிங் சொல்வதில்லை. அவளுக்குத் தெரிந்த பாதிக்கே இவ்வளவு.

நோன்பு தொடங்குவதற்கு முன்னால் உப்பளத்துக்குப் போய், குவியலின் நடுவிலிருந்து வெள்ளையாக இருந்ததைப் பார்த்து ஒரு மூட்டை கட்டச் சொன்னேன். பழைய சங்கு அச்சைத் தேடி எடுத்து நானே சாக்கில் மை ஒற்றினேன். அதைப் பார்த்து யாராவது கண்டுபிடித்துவிட மாட்டார்களா என்று ஆசை. கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயம். லோடு வண்டி ஓட்டும் சுரேஷிடம், "யாருன்னு கேட்டா சொல்லாதே" என்றேன்.

அன்று சாயங்காலமே ஜெயினம்பு போன் செய்தார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"தம்பி, உப்பு வந்திருச்சு! அதே சங்கு. அந்த மனுசன் உசுரோடதான் இருக்காரு. நாங்கதான் தப்பா நெனச்சுட்டோம். இந்த நோன்புலயும் அவருக்குத் துவா செய்யச் சொல்லி ஹஜ்ரத்துகிட்ட சொல்லிட்டேன். உங்க ஊருப் பக்கந்தானே, யாருன்னு கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்க. பேரச் சொல்லிக் கேட்டா நல்லா இருக்கும்."

"விசாரிக்கிறேங்கம்மா" என்றேன்.